முதல்ல நிக்கணும், அப்புறம் ஓடணும், கடைசியா மின்னணும்

பழைய கார் ரெஸ்டோரேஷன் வீடியோ பார்க்காத ஆள் நம்ம காலேஜ்ல இருக்க வாய்ப்பே இல்லை. மாட்டுக்கொட்டகை ஓரமா துருப்பிடிச்சுக் கிடக்கும் ஒரு வண்டி, பத்தே நிமிஷத்தில் ஷோரூம் வண்டி மாதிரி பளபளன்னு வெளியே வரும். நடுவில் எல்லாத்தையும் கழட்டி, வெறும் கூட்டை மட்டும் தொங்கவிட்டுப் பெயின்ட் அடிப்பாங்க. பார்த்து முடிச்சதும் நமக்கும் கை துறுதுறுக்கும். "தாத்தா வீட்டுல பத்மினி சும்மாதானே நிக்குது, செமஸ்டர் லீவுல முடிச்சிடலாமே!"

முடிக்கலாம் மக்களே. ஆனா அந்த வீடியோவில் வர்ற வரிசையில் செஞ்சா முடியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது அந்த ஒரே விஷயம்தான். கையில் காசு கம்மியா, இடம் வீட்டுப் போர்ட்டிகோவா இருந்தா, காரை முழுசாப் பிரிக்கவே பிரிக்காதீங்க. முதல்ல அது பத்திரமா நிக்கட்டும், அப்புறம் ஓடட்டும், கடைசியா மின்னட்டும். பெயின்ட்ல தொடங்கினவனோட கார் பெரும்பாலும் காயலான் கடையில்தான் முடியும்.

ஏன்னு கேக்குறீங்களா? முழுசாப் பிரிச்ச கார் ஒரு கார் இல்லை. அது ஆயிரம் உருப்படி இருக்கிற ஒரு குவியல். ஒரு பட்டறையில் அந்தக் குவியலைத் திரும்பச் சேர்க்க ஆள் இருக்கு, ரேக் இருக்கு, சம்பளம் இருக்கு. நம்ம கிட்ட இருக்கிறது சனி, ஞாயிறு மட்டும். அதுலயும் இன்டர்னல், லேப் ரெக்கார்டு, பிளேஸ்மென்ட் டிரெயினிங். மூணு மாசம் கழிச்சு வந்து பார்த்தா எந்த போல்ட் எந்த ஓட்டைக்குன்னே தெரியாது. எங்க தெருவிலேயே ஒரு வீட்டு ஷெட்டில் அப்படி ஒரு வண்டி இருக்கு. என்ஜின் ஒரு மூலையில், கதவுகள் மாடியில், கண்ணாடி கட்டிலுக்கு அடியில். நான் ஸ்கூல் படிக்கும்போது பிரிச்சாங்க, நான் இப்ப தேர்டு இயர். வண்டி முன்ன ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அதுதான் கொடுமை.

எந்த வண்டி?

ஜாகுவார், பென்ஸ் பத்தின கனவு நல்லதுதான், ஆனா பாகம் கிடைக்காத வண்டியை வீட்டில் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம பட்ஜெட்டுக்கு நம்ம ஊரில் ரொம்ப நாள் ஓடின வண்டிதான் சரி. மேற்கு வங்கம் உத்தர்பாராவில் 2014 வரைக்கும் தயாரான அம்பாசடர் ஒண்ணு. பிரிமியர் பத்மினி இன்னொண்ணு. ஃபியட் 1100-ஐ அடிப்படையா வச்சு மும்பை குர்லாவில் செஞ்ச வண்டி இது. 1974-லிருந்து பத்மினிங்கிற பெயரில் வந்துச்சு. மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியா ஓடினது இதுதான். அங்கே கடைசியாப் பதிவான பத்மினி டாக்ஸி, 20 வருஷ வயசு வரம்பு முடிஞ்சு 2023 அக்டோபரில்தான் ரோட்டை விட்டு இறங்குச்சு. நம்ம சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அழகான வண்டி, ஆனா எண்ணிக்கை குறைவு, தேட வேண்டியிருக்கும்.

நான் பத்மினியை வச்சே பேசுறேன். 1089 சிசி, நாலு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், காண்டாக்ட் பாயின்ட், நாலு வீலுக்கும் டிரம் பிரேக், பின்னாடி இலை ஸ்பிரிங். சென்சார் ஒண்ணு கூட கிடையாது. பானட்டைத் திறந்தா தெர்மல் என்ஜினீயரிங் புத்தகத்தில் பார்த்ததெல்லாம் கண்ணுக்கு முன்னாடி தனித்தனியா நிக்கும். லேப்டாப்பைச் சொருகாமலே கோளாறு கண்டுபிடிக்கலாம். இதைவிட மலிவான லேப் நமக்குக் கிடைக்காது.

ஸ்பேனருக்கு முன்னாடி பேப்பர்

வண்டி சொந்தக்காரங்களோடதா இருந்தாலும் முதல் வேலை ஆர்.சி. புக்கைப் பார்க்கிறது. என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் வண்டியில் இருக்கிறதோட ஒத்துப்போகுதா? பதிவு எப்ப முடிஞ்சுது? பெயர் மாத்தணும்னா ஃபாரம் 29, 30. பதிவைப் புதுப்பிக்க ஃபாரம் 25. 15 வருஷம் முடிஞ்ச சொந்த உபயோகக் காருக்கு ஃபிட்னஸ் பார்த்து அஞ்சு அஞ்சு வருஷமாப் புதுப்பிப்பாங்க. 20 வருஷம் தாண்டின காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-ல் மத்திய அரசு 10,000 ரூபாய் ஆக்கிடுச்சு. பசுமை வரி, இன்ஷூரன்ஸ் தனி. இதை முதல்லயே பட்ஜெட்டில் எழுதிடுங்க. பேப்பர் இல்லாத வண்டியை "சும்மா கொடுக்கிறேன்"னு யாராவது சொன்னாலும் கும்பிடு போட்டு நகர்ந்திடுங்க. ரோட்டில் ஓட்ட முடியாத வண்டிக்கு எவ்வளவு செலவு பண்ணாலும் அது ஷெட்டில் நிக்கிற பொம்மைதான்.

"விண்டேஜ் நம்பர் பிளேட் வாங்கலாமே"ன்னு சிலர் சொல்வாங்க. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவுக்கு அப்புறம் 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 'விஏ' எழுத்தோட தனிப் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். ஆனா அதை தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுறது, பராமரிப்பு மாதிரி காரியத்துக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். வாரம் ஒருநாள் குடும்பத்தோட கோயிலுக்குப் போகணும்னு ஆசைப்படுற நமக்கு சாதாரணப் பதிவே போதும்.

இன்னொண்ணு. "பழைய என்ஜினைத் தூக்கிட்டு மாருதி என்ஜின் வச்சிடலாம் மச்சி"ன்னு ஒரு நண்பன் கண்டிப்பா சொல்வான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிடுச்சு. சட்டத்தை விடுங்க, நாப்பது குதிரைத்திறனுக்குன்னு போட்ட பிரேக்கையும் ஆக்ஸிலையும் வச்சுக்கிட்டு இருமடங்கு சக்தியைக் கொடுத்தா என்ன ஆகும்னு நமக்கே தெரியும்.

முதல்ல நிக்கணும்

வண்டி சுமார் 900 கிலோ. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனா அதோட இயக்க ஆற்றல் எவ்வளவு? அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்க, 1,25,000 ஜூல் வரும். நீங்க பிரேக் மிதிச்சதும் அவ்வளவும் நாலு டிரம்முக்குள்ள வெப்பமா மாறணும். பல பழைய வண்டிகளில் பிரேக் சர்க்யூட் ஒண்ணே ஒண்ணுதான். எங்கேயோ ஒரு வீல் சிலிண்டர் ரப்பர் கிழிஞ்சா, நாலு வீலுக்கும் பிரஷர் போயிடும். ஹேண்ட் பிரேக்கைத் தவிர வேற கதி கிடையாது. அதனாலதான் என் வரிசையில் பிரேக் முதல்ல வருது, என்ஜின் அதுக்கு அப்புறம்தான்.

ஒவ்வொரு வீலாக் கழட்டுங்க. ஒரு வீல் முடிச்சுட்டுத்தான் அடுத்தது. அப்பதான் மறந்து போனா பக்கத்து வீலைப் பார்த்துச் சேர்க்கலாம். டிரம்முக்குள்ள இருக்கிற தூசியை வாயால ஊதாதீங்க, ஏர் அடிக்காதீங்க. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியில் துடைச்சு, துணியைக் கவர்ல கட்டிப் போடுங்க. வீல் சிலிண்டர் ரப்பர், மாஸ்டர் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசாப் போடுங்க. இதில் பேரமே வேண்டாம். டிரம்மில் கோடு விழுந்திருந்தா லேத்தில் கொடுத்துத் தேய்க்கலாம், ஆனா ஓரளவுக்குத்தான். ரொம்ப மெலிஞ்சா மாத்தியே ஆகணும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. பழசை முழுசா வெளியேத்திட்டு, மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற வீல்ல தொடங்கி ஏர் எடுங்க. எல்லாம் முடிஞ்சதும் அனுபவம் உள்ள ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. அதுக்குக் கொடுக்கிற கூலி வீண் செலவு இல்லை.

அடியில் போய் வேலை செய்யுறப்ப வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி விடாதீங்க. ஸ்டாண்டு ரெண்டு வாங்குங்க. நீங்க வாங்குற முதல் டூல் அதுதான்.

துருவும் பட்டியும்

பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. அதனால கதவுக்குக் கீழே இருக்கிற பாகமும் தரையும் துருப்பிடிச்சா அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியோட பலமே போகுதுன்னு அர்த்தம். வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுத்தி பாடி மேல ஓட்டிப் பாருங்க. எங்கே ஒட்டலையோ அங்கே தகரத்துக்குப் பதிலா பட்டி கனமா இருக்கு. அடியில் ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. நல்ல தகரம் கணீர்னு சத்தம் கொடுக்கும், உளுத்தது பொத்துனு கேக்கும். துருவுக்கு மேல பட்டி வச்சுப் பெயின்ட் அடிச்சா ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். உளுத்த தகரத்தை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகரம் வெல்டு வைக்கிறதுதான் வைத்தியம். அது டிங்கர் வேலை. அவர் செய்யுறப்ப பக்கத்துல நின்னு பாருங்க. பெட்ரோல் டேங்க் பக்கம் மட்டும் வெல்டிங்கை நினைக்கவே நினைக்காதீங்க. காலி டேங்க்தான் ரொம்ப ஆபத்து, உள்ளே நிறைய ஆவி இருக்கும்.

சின்ன சின்ன இரும்புப் பாகங்களுக்கு நம்ம ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி உதவும். ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணியில் சலவைச் சோடா கலந்து, துருப்பிடிச்ச பாகத்தை பேட்டரி சார்ஜரோட நெகட்டிவில் மாட்டி, பாசிட்டிவில் ஒரு பழைய இரும்புக் கம்பியை மாட்டினா, ராத்திரியோட ராத்திரி துரு இளகிடும். மூணு எச்சரிக்கை. பாசிட்டிவில் எவர்சில்வர் வேண்டாம், நச்சான குரோமியம் உப்பு கரையும். வெளியே வர்றது ஹைட்ரஜன், அதனால திறந்த வெளியில் செய்யுங்க. ஸ்பிரிங், கடினப்படுத்தின போல்ட் இதையெல்லாம் இப்படிப் போடாதீங்க, ஹைட்ரஜன் உள்ளே போய் உடையற தன்மை வந்திடும். செலவு ஒரு பொட்டலம் சலவைச் சோடாதான்.

அப்புறம் ஓடணும்

பல வருஷம் நின்ன என்ஜினுக்கு உடனே செல்ஃப் அடிக்காதீங்க. பிளக்கைக் கழட்டி, ஓட்டை வழியாக் கொஞ்சம் ஆயில் விட்டு ரெண்டு நாள் ஊறவிடுங்க. அப்புறம் கையால மெதுவாச் சுத்திப் பாருங்க. சுத்துதா? நல்லது. ஆயில் மாத்துங்க. டேங்க்கில் இருக்கிற பழைய பெட்ரோலை இறக்கிடுங்க, அது பிசினா மாறியிருக்கும். கார்புரேட்டரைச் சுத்தம் செஞ்சு, பாயின்ட் கேப், பிளக் கேப் பாருங்க. நின்னுபோன வண்டி கிளம்ப இந்தச் சின்ன வேலையே பல சமயம் போதும். "என்ஜின் இறக்கணும் தம்பி"ன்னு யாராவது சொன்னா, இறக்குறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்க. நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுதா? ஒண்ணு மட்டும் குறைஞ்சா அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளங்க. அளவு ஏறினா ரிங் தேஞ்சிருக்கு, ஏறலைன்னா வால்வைச் சந்தேகப்படணும். இந்த ரெண்டு நிமிஷ அளவீடு பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

இப்ப பங்க்குல கிடைக்கிற பெட்ரோல் பத்தியும் யோசிக்கணும். இந்த வண்டி பிறந்தப்ப எத்தனால் கலந்த பெட்ரோல் கிடையாது, இப்ப 20 சதவீதம் வரைக்கும் இருக்கு. பழைய ரப்பர் ஹோஸும் வாஷரும் எத்தனாலில் ஊறி இளகும் அல்லது வெடிக்கும். சூடான என்ஜின் மேல பெட்ரோல் சொட்டினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்குற ஹோஸ் போடுங்க. இன்னொரு கணக்கு இருக்கு. பெட்ரோலுக்குக் காற்று எரிபொருள் விகிதம் 14.7, எத்தனாலுக்கு 9. இருபது சதவீதக் கலவைக்குக் கணக்குப் போட்டா சுமார் 13.5 வரும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, அது பழைய கணக்குப்படியே ஊத்தும். அதனால கலவை மெலிஞ்சு, என்ஜின் சூடாகும், இழுவை குறையும். ஜெட் அளவைக் கொஞ்சம் கூட்டணுமான்னு பிளக்கோட நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணலாம். பாடத்தில் படிச்ச விகிதம் வாழ்க்கையில் எங்கே வரும்னு கேட்டவங்களுக்கு, இதோ இங்கே வருது.

வயரிங்கில் இன்சுலேஷன் தொட்டாலே உதிர்ந்தா மொத்தமா மாத்துங்க. ஒரு ஏ4 பேப்பரில் படம் வரைஞ்சு, ஒவ்வொரு சர்க்யூட்டா மாத்துங்க. 60 வாட் ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்தா 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். அது முழுசும் அந்தப் பழைய ஸ்விட்ச் வழியாப் போகுது. வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் அங்கேயே போயிடும், ஸ்விட்சும் சூடாகும். ஒரு ரிலே, ஒரு ஃப்யூஸ் போட்டா வெளிச்சமும் கூடும், தீ பயமும் குறையும்.

கடைசியா மின்னணும்

பிரேக் பிடிக்குது, துரு நின்னுடுச்சு, என்ஜின் ஓடுது, எஃப்.சி. வாங்கியாச்சு. இப்ப ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் அப்படியே ஓட்டுங்க. எங்கே தண்ணி ஒழுகுது, எங்கே சத்தம் வருது, எது சூடாகுதுன்னு வண்டியே சொல்லும். அதையெல்லாம் சரி பண்ணிட்டுப் பெயின்ட் அடிங்க. முன்னாடியே அடிச்சா, அப்புறம் வர்ற ஒவ்வொரு வேலையும் அந்தப் புதுப் பெயின்ட்டைக் கீறித்தான் நடக்கும். பெயின்ட் பழசா இருக்கிறதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை. பிரேக் பிடிக்காததுதான் வெட்கம்.

பட்ஜெட்டுக்கு என் யோசனை இது. கையில் இருக்கிறதில் பத்தில் மூணு பங்கைத் தொடவே தொடாதீங்க. கழட்டினப்பதான் தெரியும்னு சில வேலை இருக்கு, அந்தப் பணம் அதுக்கு. மீதி ஏழில் பாதிக்கு மேல பிரேக், டயர், துருவுக்கு. அதுக்குக் கீழே என்ஜினும் வயரிங்கும். பெயின்ட்டுக்கும் சீட்டுக்கும் தனியா அடுத்த வருஷம் சேருங்க. அப்பா அம்மா பணமா இருந்தா இந்தக் கணக்கை அவங்க கிட்டயும் காட்டுங்க. கடன் வாங்கிப் பழைய கார் ரெஸ்டோர் பண்ணுறது எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயம்.

"இதெல்லாம் எதுக்கு? புகை கக்குற பழைய வண்டிக்கு உயிர் கொடுக்கிறது நல்லதா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத வண்டி ஒரு கிலோமீட்டருக்குப் புதுக் காரை விட அதிகமாத்தான் மாசு விடும். இதை மறைக்கக் கூடாது. அதனாலதான் இதைத் தினசரி வண்டியா வைக்கச் சொல்லலை. மாசுச் சோதனையில் தேறுற மாதிரி ட்யூன் பண்ணி, மாசத்துக்குச் சில தடவை ஓட்டுங்க. காலேஜுக்கு பஸ்ஸில் வாங்க.

ஆனா எனக்கு இதில் வண்டியை விடப் பெருசாத் தெரியுறது இன்னொண்ணு. கார்புரேட்டரைக் காதால கேட்டே ட்யூன் பண்ணுற அண்ணன்கள், உளுத்த தகரத்துக்குச் சுத்தியலாலேயே வளைவு எடுக்கிற டிங்கர்கள், இல்லாத பாகத்தைக் கடைஞ்சு கொடுக்கிற லேத் பட்டறைக்காரர்கள் எல்லாரும் வயசானவங்க ஆயிட்டாங்க. அவங்க கைவசம் இருக்கிற அறிவு எந்த மேனுவலிலும் இல்லை. புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ ஒரு பாகத்தைக் காட்டி "இது எந்த வண்டிக்குண்ணே?"ன்னு கேட்டா, கண்ணை மூடிக்கிட்டு மாடல் வருஷத்தோட சொல்வாங்க. கோயம்புத்தூர் பக்கம் போனா அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் பாருங்க, பழைய கார்கள் அழகா நிக்கும். வண்டியை மியூசியத்தில் வைக்கலாம். அதை ஓட வைக்கிற கையை வைக்க முடியாது. அவங்க கிட்ட வேலை கத்துக்க நமக்கு இருக்கிற காலம் கொஞ்சம்தான். வேலை நடக்கும்போது போனில் வீடியோ எடுங்க, அளவுகளை நோட்டில் எழுதுங்க. கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீங்க.

நம்ம ஆட்டோமொபைல் கிளப்புக்கு ஒரு வேண்டுகோள். பாஹா டீம் வருஷா வருஷம் புதுசா ஒரு வண்டி செய்யுது, சந்தோஷம். அதோட ஒரே ஒரு பழைய வண்டியை எடுத்து, வருஷத்துக்கு ஒரு பாகம்னு ஜூனியர்ஸ் கையில் கொடுத்துப் பாருங்க. இந்த வருஷ பேட்ச் பிரேக், அடுத்த பேட்ச் வயரிங். நாலு வருஷத்தில் ஒரு கார் ஓடும், நாலு பேட்ச்சுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்.

இந்த வாரக் கடைசிக்கு ஒரு சின்ன வேலை. ஊரில் சும்மா நிக்கிற வண்டி தெரியுமா? ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு நோட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. எதையும் கழட்டாதீங்க. எங்கே துரு, எங்கே ஒழுகல், ஆர்.சி.யில் என்ன தேதின்னு மட்டும் எழுதிட்டு வாங்க. அந்த ஒரு பக்கத்தைப் படிச்சாலே, இந்த வண்டியை எடுக்கலாமா விடலாமான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.